வீட்டுக் குழந்தைகளை வீட்டிலேயே படம் பிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டருக்குள் முதன் முதலில் ஏற்றப்பட்ட போட்டோ எது தெரியுமா? ராக்கெட் படம் அல்ல. தலைவர் யாருடைய படமும் அல்ல. ஒரு கைக்குழந்தையின் போட்டோதான் அது. 1957 ஆம் ஆண்டு, அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் குழுவினருடன் ஒரு ஸ்கேனரை உருவாக்கினார். அதில் வைத்துப் பார்க்க அவர் எடுத்துக் கொண்டது, மூன்று மாதமே ஆன தன் மகனின் போட்டோவை. 5 செ.மீ. சதுரத்தில் இருந்த அந்தப் படம் கம்ப்யூட்டரில் 176 × 176 புள்ளிகளாக மாறியது. கணக்குப் போட்டால் மொத்தம் 30,976 பிக்ஸெல்கள். இன்றைய 12 மெகா பிக்ஸெல் போட்டோவில் இது ஒரு மூலைக்குக் கூடக் காணாது.

அதற்குச் சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997 ஜூன் 11 அன்று, கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா குரூஸ் நகரில் பிலிப் கான் என்ற சாப்ட்வேர் வல்லுநர் ஒரு காரியம் செய்தார். ஒரு டிஜிட்டல் கேமரா, ஒரு மொபைல் போன், ஒரு லேப்டாப் மூன்றையும் இணைத்து, அப்போதுதான் பிறந்திருந்த தன் மகளின் போட்டோவை மருத்துவமனையிலிருந்தே உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பி வைத்தார். போனிலிருந்து போட்டோ அனுப்பும் இன்றைய பழக்கத்திற்கு அதுவே தொடக்கம்.

ஆக, டிஜிட்டல் போட்டோவின் தொடக்கத்திலும், போன் போட்டோவின் தொடக்கத்திலும் இருப்பது ஒரு அப்பாவும் அவருடைய குழந்தையும்தான். நாமும் அதைத்தான் தினமும் செய்து கொண்டிருக்கிறோம். ஆனால் எடுத்த ஆயிரம் படங்களில் பத்து கூடத் தேறுவதில்லை. தேறியதும் எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை.

திருச்சி உறையூரில் எங்கள் வீடு. மகள் 2007 ஆம் ஆண்டு பிறந்தாள். மகன் 2012 இல். 6 மெகா பிக்ஸெல் கேமராவில் தொடங்கி, இன்று போன் வரை, இருவரையும் வீட்டுக்குள்ளேயே எடுத்து வருகிறேன். நான் போட்டோகிராபர் அல்ல; உங்களைப் போல வீட்டில் கம்ப்யூட்டரும் கேமராவும் வைத்திருப்பவன். இத்தனை ஆண்டுகளில் கைகொடுத்த வழிமுறைகளை இங்கே தருகிறேன்.

எதை எடுப்பது?

நம் வீடுகளில் கேமரா வெளியே வருவது பிறந்த நாள், காது குத்து, தீபாவளி, பள்ளி ஆண்டு விழா ஆகிய நாட்களில்தான். அந்தப் படங்கள் தேவைதான். ஆனால் எல்லாரும் புதுத்துணி உடுத்தி, வரிசையில் நின்று, கேமராவைப் பார்க்கும் படத்தில் அந்த நாள் தெரியும்; அந்த வீடு தெரியாது.

என் அம்மா 2021 இல் தவறிப் போனார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் அப்பாயி. ஸ்டூடியோவில் எடுத்த படமும், கல்யாண வீடுகளில் எடுத்த படங்களும் அவருக்கு நிறைய உண்டு. ஆனால் என் மகன் அவ்வப்போது "அந்தப் படத்தைக் காட்டுங்கப்பா" என்று கேட்பது வேறு ஒரு படத்தை. அதில் அப்பாயி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக் கொண்டிருக்கிறார். நாலு வயதுப் பையன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கல் பொறுக்குகிறான். இருவருமே கேமராவைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் பழைய மிக்ஸி, காலண்டர், கொடியில் காயும் துண்டு எல்லாம் தெரிகின்றன. எடுத்த அன்று அது சாதாரணப் படம். இன்று எங்கள் வீட்டில் இருக்கும் படங்களிலேயே விலை மதிப்பு இல்லாதது அதுதான்.

எனவே ஒரு பட்டியல் போட்டுக் கொள்ளுங்கள். தலை பின்னுவது, ஷூ லேஸ் கட்டுவது, ஹோம் ஒர்க் எழுதியபடியே தூங்கி விழுவது, தோசைக்காக அடுப்படியில் தட்டுடன் நிற்பது, பல் விழுந்த வாய், மழையன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கொண்டு நிற்பது, அண்ணன் தம்பி சண்டை, சண்டை முடிந்த பின் இருவரும் ஒரே போர்வைக்குள் இருப்பது. இவை தினமும் நடப்பவை. தினமும் நடப்பதால்தான் யாரும் எடுப்பதில்லை. ஒரு நாள் நின்று போகும். எந்த நாளில் நின்றது என்று நமக்குத் தெரியாது.

பின்னணியை அதிகம் ஒதுக்கித் தள்ள வேண்டாம். இறைந்து கிடக்கும் விளையாட்டுப் பொருள், பழைய டிவி, கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் இருபது ஆண்டு கழித்து நம்மைப் பேச வைப்பவை. போனில் உள்ள போர்ட்ரெய்ட் மோட் இவற்றை மங்கலாக்கி விடும். வீட்டுப் படத்திற்கு சாதாரண மோட் போதும்.

வெளிச்சம்: ஜன்னலே சிறந்த பிளாஷ்

வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் கெடுவதற்கு முதல் காரணம் வெளிச்சக் குறைவு. உடனே பிளாஷ் போடத் தோன்றும். போடாதீர்கள். நேராக முகத்தில் அடிக்கும் பிளாஷ் முகத்தைத் தட்டையாக்கும். பின்னால் சுவரில் கருப்பு நிழல் விழும். குழந்தையும் அடுத்த நொடி எழுந்து ஓடிவிடும்.

பகலில் ஜன்னல் அல்லது வாசல் கதவை முழுவதும் திறந்து விடுங்கள். குழந்தை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி நீங்கள் நகர்ந்து நில்லுங்கள். ஜன்னல் குழந்தைக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகும். அப்படி நேர்ந்தால், போன் திரையில் முகத்தின் மீது தொட்டு, தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் முகம் தெளியும்.

பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறையில் உள்ள மஞ்சள் எல்.இ.டி. பல்பை அணைத்து விடுங்கள். பகல் வெளிச்சம் நீலம் சார்ந்தது. பல்பு வெளிச்சம் மஞ்சள் சார்ந்தது. இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறம், மறு பாதி வேறு நிறம் என வரும். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் வசதி ஏதாவது ஒன்றைத்தான் சரி செய்யும்.

இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கேமராவில் பழுது இல்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் சாதாரண சோக் உள்ள டியூப் லைட் ஒரு செகண்டில் 100 முறை மினுக்குகிறது. சில மலிவு விலை எல்.இ.டி. பல்புகளும் இப்படியே. கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கல், ஷட்டர் வேகம் 1/100 செகண்டை விட அதிகமானால் படத்தில் பட்டையாகப் பதிவாகும். ஆண்ட்ராய்ட் போனில் புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50 என வைத்து எடுத்துப் பாருங்கள். பட்டை மறைந்துவிடும்.

ஓடும் குழந்தைக்கு ஷட்டர் வேகம்

இங்கே ஒரு சிக்கல். 1/100 என்பது உட்கார்ந்து எழுதும் குழந்தைக்குப் போதும். ஓடும் குழந்தைக்குக் குறைந்தது 1/250 வேண்டும். ஊஞ்சல் ஆடுவது, குதிப்பது என்றால் 1/500. இந்த வேகத்தில் கேமராவுக்குள் நுழையும் வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ. அளவைக் கூட்ட வேண்டும். கூட்டினால் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். கொஞ்சம் நாய்ஸ் இருந்தால் பரவாயில்லை. புள்ளி உள்ள படத்தைப் பார்க்க முடியும். ஆடிப்போன முகத்தைப் பார்க்க முடியாது.

எளிய வழி, வேகமான விளையாட்டைப் பகல் வெளிச்சத்தில் எடுப்பது. மாடி, முற்றம், வாசல் திண்ணை இவையே போதும். நைட் மோட் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அந்த மோடில் போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அதற்கு ஒரு செகண்ட், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அசையாத கட்டடத்திற்கு அது சரி. குழந்தை அதற்குள் தலையைத் திருப்பி விடும். எனவே குழந்தைகளை எடுக்கும்போது நைட் மோடை ஆப் செய்திடுங்கள்.

பர்ஸ்ட் மோட் என்ற வசதி பெரும்பாலான போன்களில் உள்ளது. ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடித்தாலோ, ஒரு பக்கமாக இழுத்தாலோ தொடர்ச்சியாகப் படங்கள் எடுக்கப்படும். பத்துப் படத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மீதியை அன்றே அழித்துவிட வேண்டும். அன்றே அழிக்காவிட்டால் பிறகு அழிக்கவே மாட்டோம்.

முழங்கால் போடுங்கள், லென்ஸைத் துடையுங்கள்

நின்றபடி எடுத்தால் குழந்தையின் உச்சந்தலைதான் பெரிதாகத் தெரியும். முழங்கால் போட்டு, கேமராவைக் குழந்தையின் கண் உயரத்திற்குக் கொண்டு வாருங்கள். தவழும் குழந்தை என்றால் தரையில் படுக்க வேண்டியதுதான். அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் நம் வீடே வேறு மாதிரி தெரியும். டைனிங் டேபிள் கூரை போல உயர்ந்து நிற்கும். குழந்தை பார்க்கும் வீடு அதுதான்.

இரு விரலால் விரித்து ஜூம் செய்வதைத் தவிருங்கள். போனில் உள்ள லென்ஸ்களின் அளவைத் தாண்டிச் செய்யும் ஜூம், படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. இரண்டடி முன்னால் நகர்வது நல்லது. ஆனால் முகத்திற்கு மிக அருகே போகவும் கூடாது. போனின் அகலக் கோண லென்ஸ், அருகில் இருக்கும் மூக்கைப் பெரிதாக்கிக் காட்டும்.

எல்லாவற்றிற்கும் முன், லென்ஸைத் துடையுங்கள். எண்ணெய்க் கை, பவுடர் கை, பிஸ்கட் கை எல்லாம் படுவது அங்கேதான். சுத்தமான பருத்தித் துணியால் ஒரு முறை துடைத்தால், "கேமரா சரியில்லை, புது போன் வாங்க வேண்டும்" என்ற எண்ணம் பாதி வீடுகளில் மறைந்துவிடும்.

"இங்கே பார், சிரி" வேண்டாம்

இரண்டாம் உலகப் போரைப் படம் பிடித்த அமெரிக்கப் பத்திரிகைப் போட்டோகிராபர் யூஜின் ஸ்மித், 1945 இல் ஒகினாவா தீவில் குண்டுச் சிதறல் பட்டுக் கடுமையாகக் காயமடைந்தார். பல அறுவைச் சிகிச்சைகள். நெடுநாள் கேமராவைத் தொடவே முடியவில்லை. 1946 இல் மீண்டும் கேமராவை எடுத்தபோது அவர் எடுத்த படம், தன் மகனும் மகளும் மரங்களின் இருட்டிலிருந்து வெளிச்சத்தை நோக்கி நடந்து போவது. இரண்டு குழந்தைகளின் முதுகு மட்டுமே தெரியும். முகம் தெரியாது. 1955 இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த 'மனிதக் குடும்பம்' என்ற புகழ் பெற்ற கண்காட்சிக்காக 68 நாடுகளிலிருந்து 503 படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் கடைசிப் படமாக வைக்கப்பட்டது இந்தப் படம்தான்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, குழந்தை கேமராவைப் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "சிரி, சிரி" என்று நாம் சொல்லும்போது வருவது பல், சிரிப்பு அல்ல. இரண்டு, முதுகும் கையும் காலும் கூட ஒரு குழந்தையை அடையாளம் காட்டும். மருதாணி வைத்த கை, முட்டியில் காயத்தோடு சைக்கிள் பெடலில் இருக்கும் கால், அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்திருக்கும் விரல்கள். இவற்றை எடுத்துப் பாருங்கள். முகம் இல்லாத படத்திற்கு இன்னொரு பயனும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேடிக்கையாக ஒன்று. கேமராவைக் கையில் எடுத்தவுடன் படம் எடுக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் சும்மா அங்கே உட்கார்ந்திருங்கள். குழந்தைகள் முதலில் கேமராவைப் பார்த்துக் கோணங்கி செய்வார்கள். பிறகு சலித்துப் போய்த் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். படம் அப்போதுதான் தொடங்குகிறது.

படம் எடுப்பவர் எங்கே?

உங்கள் வீட்டுப் படங்களைத் திறந்து எண்ணிப் பாருங்கள். யார் படம் எடுக்கிறாரோ அவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். குழந்தைகள் வளர்ந்து பார்க்கும்போது, அந்த ஒருவர் மட்டும் வீட்டிலேயே இல்லாதது போலத் தோன்றும். இதற்கு இரண்டு தீர்வு. ஒன்று, செல்ப் டைமர். போனை டம்ளரில் சாய்த்து வைத்து 10 செகண்ட் டைமர் கொடுத்தால் போதும். ஸ்டாண்ட் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, குழந்தையிடமே கேமராவைக் கொடுப்பது. பிரான்ஸ் நாட்டின் ஜாக் ஆன்ரி லார்தீக், சிறுவனாக இருந்தபோதே அப்பா வாங்கித் தந்த கேமராவில் தன் வீட்டாரை எடுக்கத் தொடங்கியவர். அந்தப் படங்களை 1963 இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கண்காட்சியாக வைத்தது. நம் பிள்ளை லார்தீக் ஆக வேண்டும் என்பதில்லை. பரணில் கிடக்கும் பழைய டிஜிட்டல் கேமராவையோ, சிம் இல்லாத பழைய போனையோ, கையில் மாட்டும் கயிறோடு கொடுத்துப் பாருங்கள். என் மகன் ஆறு வயதில் எடுத்த படங்களில் பாதி மின்விசிறி, கால் பங்கு எங்கள் முழங்கால். மீதியில், அவன் அம்மா அடுப்படியில் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் படம் ஒன்று இருக்கிறது. அந்தச் சிரிப்பு என் கேமராவுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

மகள் போட்ட விதி

மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் கேட்டாள். "அப்பா, என் போட்டோவை நீங்க அனுப்புறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுவீங்களா?" நான், "காட்டுறேன்மா. ஆனா ஏன்?" என்றேன். "சித்தி எல்லாரும் பாப்பாங்கல்ல. அது என் மூஞ்சிதானே" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று விதிகள். படம் எடுக்கும்போது "வேண்டாம்" என்றால் கேமரா கீழே போக வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகும் எந்தப் படத்தையும் படத்தில் இருப்பவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அழுகை, காய்ச்சல், திட்டு வாங்குவது போன்ற படங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இந்த விதிகளால் எனக்குப் படம் குறையவில்லை. தன் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த பிறகு, பதினைந்து வயதில் கூட அவள் கேமராவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக் கொண்டதில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? பிரான்ஸ் நாடு 2024 பிப்ரவரியில் கொண்டு வந்த சட்டம், குழந்தையின் படம் சார்ந்த உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்கிறது. நம் நாட்டின் 2023 ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. ஆனால் தனிப்பட்ட, வீட்டு உபயோகத்திற்கு ஒருவர் தகவல்களைக் கையாள்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, வீட்டுப் படம் எடுக்கும் அப்பாவையும் அம்மாவையும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. நாம்தான் பார்த்து நடந்து கொள்ள வேண்டும்.

கவனம் தேவைப்படும் படங்கள்

முதலில், குளியல் படங்கள். பாட்டி காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் படம் இல்லாத ஆல்பம் நம் ஊரில் இல்லை. ஆல்பத்தில் இருந்தவரை அதைப் பார்த்தவர்கள் வீட்டார் மட்டுமே. இன்று போனில் எடுக்கும் படம் தானாகவே இண்டர்நெட்டில் உள்ள சர்வருக்குப் போய்விடுகிறது. 2021 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு அப்பா, உடல்நலக் குறைவாக இருந்த தன் சிறு மகனின் படத்தை டாக்டருக்குக் காட்டுவதற்காகப் போனில் எடுத்தார். அது தானாக கூகுள் சர்வருக்கு ஏறியது. அங்குள்ள சோதனை சாப்ட்வேர் அதைத் தவறான படம் என்று குறித்தது. அவருடைய அக்கவுண்ட் முழுவதும் முடக்கப்பட்டது. போலீஸ் விசாரித்து அவர் மீது குற்றம் இல்லை என்ற பிறகும் அக்கவுண்ட் திரும்பக் கிடைக்கவில்லை. இமெயில், மகனின் குழந்தைப் பருவப் படங்கள் உட்பட எல்லாம் போயின. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதை விரிவாக வெளியிட்டது.

எனவே உடை இல்லாத படங்களைப் போனில் எடுக்காமல் இருப்பதே நல்லது. எண்ணெய்க் குளியலின் படம் வேண்டும் என்றால் பாட்டியின் கைகளையும், குழந்தையின் முகத்தையும் மட்டும் எடுங்கள். படம் இன்னும் அழகாகவே வரும்.

இரண்டாவது, இருப்பிடம். படம் எடுக்கும்போது அந்த பைலுக்குள் எக்ஸிப் என்ற பகுதியில் தேதி, கேமரா மாடல் ஆகியவற்றுடன், ஜி.பி.எஸ். ஆன் செய்யப்பட்டிருந்தால் நீங்கள் நிற்கும் இடமும் பதிவாகிறது. வீட்டில் எடுத்த படம் என்றால் அது உங்கள் வீட்டு முகவரி. ஆண்ட்ராய்ட் போனில் கேமரா செட்டிங்ஸ் சென்று லொக்கேஷன் டேக் என்பதை ஆப் செய்திடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி, லொக்கேஷன் சர்வீசஸ் சென்று கேமரா என்பதில் நெவர் எனத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கனவே கம்ப்யூட்டரில் உள்ள படங்களுக்கு, விண்டோஸில் பைல் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவில் டீடெய்ல்ஸ் டேப் சென்றால், கீழே தனிப்பட்ட தகவல்களை நீக்குவதற்கான லிங்க் கிடைக்கும். மூலப் படத்தில் தேதியை இழந்துவிடாமல் இருக்க, ஒரு காப்பியில் மட்டும் நீக்குங்கள்.

மூன்றாவது, பள்ளிப் பெயர் உள்ள யூனிபார்ம், வீட்டு எண், வண்டி நம்பர் தெரியும் படங்களை யாவரும் பார்க்கும் இடத்தில் போட வேண்டாம். 2024 இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் நடத்திய ஆய்வில், ஏ.ஐ. பயிற்சிக்குப் பயன்பட்ட ஒரு பெரிய படத் தொகுப்பில் பிரேசில், ஆஸ்திரேலியக் குழந்தைகளின் குடும்பப் படங்களும் இருந்தது தெரியவந்தது. வீட்டாருக்காகப் போட்ட படம் எங்கே போய்ச் சேரும் என்று போட்டவருக்கே தெரியாது. ஊருக்குக் காட்டியே ஆக வேண்டும் என்றால் மேலே சொன்ன முகம் இல்லாத படங்கள் கை கொடுக்கும்.

சேமிப்பது எப்படி?

ஒரு கணக்கு போடுவோம். ஒரு நாளைக்கு 10 படம். ஒரு படம் 4 எம்.பி. ஆண்டுக்கு 3,650 படங்கள், சுமார் 14.6 ஜி.பி. கூகுள் போட்டோஸில் அளவற்ற இலவச இடம் 2021 ஜூன் 1 உடன் நின்று போனது. இப்போது இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி.யும் ஜிமெயில், டிரைவ் இரண்டுக்கும் சேர்த்துத்தான். ஆக, ஒரே ஆண்டில் நிறைந்துவிடும்.

இணையச் சேவையை மட்டுமே நம்பவும் கூடாது. நம்மில் பலர் படம் ஏற்றி வைத்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30 இல் மூடப்பட்டது. வீட்டுக்கு வீடு இருந்த பிகாஸா சாப்ட்வேருக்கான ஆதரவு 2016 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. சிடியும் நிரந்தரம் அல்ல. 2007 முதல் 2010 வரை எழுதி வைத்த சிடிக்களை நான் 2016 இல் போட்டுப் பார்த்தபோது மூன்று சிடிக்கள் திறக்கவே இல்லை. அதே படங்கள் ஹார்ட் டிஸ்க்கிலும் இருந்ததால் இழப்பு இல்லை.

அதனால்தான் 3-2-1 என்ற விதியைப் பின்பற்றச் சொல்கிறார்கள். மூன்று காப்பிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, தஞ்சாவூரில் என் தங்கை வீட்டு பீரோவில் இன்னொரு ஹார்ட் டிஸ்க். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது அதைப் புதுப்பித்து விடுவேன். வீட்டுக்கு வெளியே ஏன் என்று கேட்பவர்கள் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துக் கொள்ளலாம். தரைத்தளம் மூழ்கிய வீட்டில் ஆல்பமும் கம்ப்யூட்டரும் ஒரே தண்ணீரில்தான் இருந்தன.

போல்டர்களுக்குப் பெயர் வைப்பதில் ஒழுங்கு வேண்டும். ஆண்டு முதலில், பிறகு மாதம். 2024-07 என்பது போல. இப்படி வைத்தால் விண்டோஸ் தானாகவே கால வரிசையில் அடுக்கித் தரும். "பாப்பா போட்டோஸ் நியூ", "நியூ 2" என்று வைத்தால் பத்து ஆண்டு கழித்து எது நியூ என்று தெரியாது.

உறவினருக்கு வாட்ஸ் அப்பில் அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. 2023 இல் வந்த எச்.டி. தேர்விலும் ஓரளவு சுருங்கத்தான் செய்யும். மூலப் படம் அப்படியே போக வேண்டும் என்றால் டாக்குமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஆனால் அதில் எக்ஸிப் தகவலும் சேர்ந்தே போகும் என்பதை மறக்க வேண்டாம். வாட்ஸ் அப்பில் வந்த காப்பியை மட்டும் வைத்துக் கொண்டு மூலத்தை அழிப்பதும் கூடாது.

பிரிண்ட் போடுங்கள்

4 × 6 அங்குல பிரிண்டுக்கு, அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1200 × 1800 பிக்ஸெல் போதும். அதாவது சுமார் 2 மெகா பிக்ஸெல். உங்கள் பழைய 3 மெகா பிக்ஸெல் கேமராவின் படமும் தாராளமாகப் பிரிண்ட் ஆகும். 12 மெகா பிக்ஸெல் படம் 10 × 13 அங்குலம் வரை இதே தரத்தில் வரும். லேப்பில் கொடுக்கும் முன் 3:2 என்ற அளவில் நீங்களே கிராப் செய்து கொடுங்கள். போன் படங்கள் பொதுவாக 4:3 அளவில் இருப்பதால், அப்படியே கொடுத்தால் மிஷின் தானாக வெட்டி யாருடைய தலையையாவது எடுத்துவிடும்.

இந்த மாதத்திலிருந்து

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். போனில் உள்ள அந்த மாதப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரே மாதிரி உள்ளவற்றை அழித்து, பன்னிரண்டு படங்களை மட்டும் தனி போல்டரில் எடுத்து வையுங்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுங்கள். பன்னிரண்டில் நான்கை பிரிண்ட் போட்டு, பின்புறம் பென்சிலால் தேதி, இடம், படத்தில் இருப்பவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். ஆண்டு முடிவில் 48 பிரிண்ட்; ஒரு சிறிய ஆல்பம். எந்தப் படம் வேண்டும் என்பதில் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும். கேமரா பக்கத்தில் இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள்.